யோபு எழுதி வைத்த மழை

மீட்டர் யோபுவை அடக்கம் பண்ணின பதினேழாம் நாள் காலையில், வானத்தில் ஓர் உள்ளங்கையத்தனை மேகம்கூட இல்லாத நேரத்தில், எண்பத்தேழாம் வருஷத்து மழை ஒன்று அவர் வீட்டு முற்றத்தில் வந்து பெய்தது. அவர் மனைவி கிருபை அப்போது, கரையான் ஏறிவிடக் கூடாதே என்று, அவருடைய மழை நோட்டுகளை வெயிலில் காயவைத்துக்கொண்டிருந்தாள். வருஷத்துக்கு ஒன்றாக முப்பத்துநாலு நோட்டுகள். முதலில் கையில் வந்ததை விரித்துத் துவைகல்லின்மேல் வைத்து, தாள் புரளாதிருக்க ஒரு கூழாங்கல்லையும் தூக்கி வைத்து, விரிந்த பக்கத்தை ஒரு தடவை வாசித்துவிட்டுத் திரும்பினாள். திரும்புவதற்குள் சடசடவென்று பிடித்துக்கொண்டது. எல்லாப் பெண்களும் செய்வதைப் போல அவளும் கொடியில் கிடந்த சேலைகளை உருவிக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். மழை கால் மணி நேரம் பெய்தது. சுற்றுச்சுவருக்கு அந்தப் பக்கம் முப்புடாதி வீட்டில் காயப்போட்டிருந்த மோர் மிளகாய் ஒரு சொட்டும் நனையாமல் காய்ந்துகொண்டிருந்தது.

மழை விட்டதும், பழக்கத்தில், முற்றத்து மூலையில் நின்ற மழைமானியைத் திறந்து உள்ளே சேர்ந்த தண்ணீரை இருபது மி.மீ. அளவுக் குவளையில் ஊற்றிப் பார்த்தாள். பன்னிரண்டு புள்ளி நாலு. சற்று முன்னால் நோட்டில் வாசித்த அதே அளவு. நோட்டைப் போய் எடுத்தாள். தாள் நனையவில்லை. ஆனால், '9.8.1987. 12.4 மி.மீ. மேற்கிலிருந்து. எப்சிபாவுக்கு முதல் பல் தெரிகிறது' என்று யோபுவின் சாய்ந்த கையெழுத்தில் இருந்த நாலு வரியும் போய், பக்கம் வெள்ளையாக இருந்தது. பேனா பதிந்த தடம்கூட இல்லை.

"ஏ மைனி!" என்று சுவருக்கு மேலே முப்புடாதியின் தலை தெரிந்தது. "உங்க வீட்டுல மட்டும் ஊத்துது. எங்க பக்கமும் கொஞ்சம் சாச்சு விடப்படாதா?"

"அவிய எழுதி வச்ச மழ, முப்புடாதி. நோட்ட விரிச்சேன், பெஞ்சிட்டு."

"அப்படியா? அப்ப அடுத்த நோட்டச் சொவத்து மேல விரிங்க. ஆளுக்குப் பாதி."

மறுநாள் கிருபை சுவர்மேல் விரித்தாள். ஆளுக்குப் பாதியாகத்தான் பெய்தது.

யோபு மின்வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவராகச் சேர்ந்த வருஷமே ஒரு மழைமானி வாங்கி முற்றத்தில் நட்டவர். அன்றிலிருந்து நோயில் விழுந்த வாரம் வரைக்கும், மழை பெய்த ஒவ்வொரு நாளும் காலை எட்டரை மணிக்கு அளந்து, ஒரு மழைக்கு ஒரு பக்கம் என்று எழுதினார். மழை இல்லாத நாளுக்கு அவர் தாள் ஒதுக்கவில்லை. கல்லாம்பொத்தை மாதிரி ஒரு வறண்ட ஊரில் அதற்கெல்லாம் தாள் ஒதுக்கினால் நோட்டு செய்கிறவன் தேய்ந்துபோவான் என்பார். எட்டரைக்கு வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்காக அவர் வெளியூரில் ஒரு நாள் தங்கியதில்லை. கொழுந்தியாள் கல்யாணத்துக்குத் தூத்துக்குடி போனவர், தாலி கட்டி முடிந்ததும் வாயில் பாயசத்தோடு பஸ் ஏறிவிட்டார். அளந்து, எழுதி, மகள் எப்சிபாவுக்கு இரட்டைச் சடை பின்னி விட்டு (கிருபை தையல் மிஷினில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள்), சைக்கிளில் வேலைக்குக் கிளம்புவார். வேலிமரத்தை ஏன் வெட்டினீங்க, குப்பையை ஏன் கொளுத்துதீங்க, கிணற்றுக்குள் கூடு வைத்திருக்கிற குருவியை ஏன் கலைத்தீங்க என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வார்த்தை கேட்காமல் மீட்டர் கார்டில் கையெழுத்துப் போடமாட்டார். உடையார் குளத்தில் கள்ளத்தனமாகக் கரம்பை மண் அள்ள வந்த டிராக்டருக்கு முன்னால் சைக்கிளைக் குறுக்கே போட்டு, அங்கேயே சம்மணம் கொட்டி உட்கார்ந்து, கொண்டுபோன தயிர்சாதத்தைச் சாப்பிட்டு முடித்து, டிராக்டர்காரனுக்கும் ஒரு கை கொடுத்துத் திருப்பி அனுப்பியவர். கூட்டிலிருந்து நாரைக்குஞ்சு விழுந்துவிட்டால் மீட்டர் பைக்குள் போட்டு வீட்டுக்கு எடுத்துவருவார். அதற்கு மீன் தேடுவது கிருபையின் பாடு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் மற்றக் குடும்பங்கள் மணப்பாட்டுக்குக் கடல் பார்க்கப் போகும். யோபுவின் குடும்பம் ஒரு சாக்குப் பனங்கொட்டையோடு உடையார் குளத்துக் கரைக்குப் போகும். அவர் கடப்பாரையால் குழி போடுவார், கிருபை கொட்டையைப் போடுவாள், எப்சிபா காலால் மண்ணைத் தள்ளி மூடுவாள். 'எல்லாரும் அலையில நிக்காங்க, நாம மட்டும் ஏம்ப்பா புழுதியில நிக்கோம்' என்று அவள் அழுத ஞாயிற்றுக்கிழமைகள் உண்டு. மூன்று பேரும் குளத்தங்கரையில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட, குளத்துக் கருவேலமரங்களில் நாரைகள் பிள்ளைகளுக்கு ஊட்டுவதை யோபு ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருப்பார். எண்ணி முடித்ததும், 'அதுகளும் குடும்பத்தோடதான் வந்திருக்கு' என்பார், ஒவ்வொரு வாரமும், புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல.

அப்படிப்பட்டவர் எழுதி வைத்த மழை திரும்பப் பெய்ததில் கல்லாம்பொத்தைக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் ஏற்படவில்லை. அந்த மனுஷன் எழுதி வைத்தால் அது நடக்கும் என்றுதான் ஊர் நினைத்தது. அதைவிட, இரண்டு வருஷமாக மழை பொய்த்துப் போய், குடிதண்ணீர் லாரிக்கு வரிசையில் குடங்களை வைத்துவிட்டு அந்தக் குடங்களுக்குக் காவலும் வைத்திருந்த ஊருக்கு, மழை எந்த வருஷத்தது என்று விசாரிக்க நேரமில்லை. முதல் மாதம் எல்லோரும் தண்ணீருக்குத்தான் வந்தார்கள். வீட்டுக்குள் புரட்டினால் பெய்யவில்லை; முற்றத்தில் விரித்தால் முற்றத்தின் எல்லை வரைக்கும், தெருவில் விரித்தால் தெருமுனை வரைக்கும் பெய்தது. கிருபை நாளைக்கு ஒரு பக்கம், தெருத்தெருவாக, சின்ன மழைகளாகப் பார்த்து விரித்தாள். பெண்கள் ஓட்டுக்குக் கீழே அண்டாவை வைத்துவிட்டுக் காத்திருந்தார்கள்.

பிறகு ஒருநாள் முப்புடாதி தண்ணீர் கேட்காமல் ஒரு தேதி கேட்டாள்.

"எங்க கல்யாணத்தன்னைக்கு நல்ல மழ மைனி. தொண்ணூத்தாறு ஆவணி. அது இருக்கான்னு பாருங்களேன்."

இருந்தது. 'இருபத்திரண்டு மி.மீ. அடுத்த வீட்டில் கல்யாணம். பந்தல் சரிந்தது. மாப்பிள்ளை இலைக்குக் குடை பிடித்துக்கொண்டு சாப்பிட்டார். பெண் சிரித்தாள்' என்று எழுதியிருந்தது. முப்புடாதி வீட்டு வாசலில் நோட்டை விரித்தார்கள். அவள் கணவன் சுடலை, அவளோடு முகம் கொடுத்துப் பேசி ஆறேழு மாதமாகியிருந்த மனுஷன், உள்ளே போய்க் குடையை எடுத்துவந்து, சாப்பாடும் இல்லை இலையும் இல்லை, சும்மா அவள் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு மழை முடிகிற மட்டும் நின்றான். தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு ஊர், நாளைக்கு நாலைந்து பேராக, தேதிகளோடு வந்தது. டீக்கடை காஜா மைதீன், உம்மாவை அடக்கம் பண்ணின அன்றைக்குத் தூறிய ஒன்று புள்ளி எட்டு மில்லி மீட்டரைக் கேட்டார். கடைவாசல் பெஞ்சில் நோட்டை விரித்து, தலையில் தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தத் தூறல் முடிகிறவரை பாய்லர் பக்கமே போகவில்லை. பத்தாவதில் தேறின அன்று பெய்த மழையைக் கேட்டு ஒருத்தர் வந்தார். ஓடிப்போன மகன் கடைசியாக வீட்டில் இருந்த நாளின் மழையைக் கேட்டு ஓர் அம்மாள் வந்து, அது பெய்யும்போது ஊரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தாலுகா ஆபீசிலிருந்து வந்த வருவாய் ஆய்வாளர், 'ஒருக்காப் பதிவான மழைய மறுபடி பதியுறதுக்கு விதி இல்லையே' என்று ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கிளம்பி வாசல் வரைக்கும் போனவர் திரும்பிவந்து, 'தொண்ணூத்தொம்பது டிசம்பர் நாலு இருக்குமா?' என்று தணிந்த குரலில் கேட்டார்.

பெய்து முடிந்த பக்கம் வெளுத்துப்போகும் என்பதுதான் கிருபைக்கு இருந்த ஒரே சங்கடம். பக்கங்களை நகல் எடுத்துப் பார்த்தார்கள். மழை முடிந்ததும் நகலும் வெளுத்தது. போனில் படம் பிடித்து வைத்தார்கள். படத்தில் வெறும் தாள்தான் இருந்தது. ஆகையால் அவள் ஒரு வழக்கம் கொண்டுவந்தாள்: மழை கேட்டு வந்தவர்கள், விரிப்பதற்கு முன்னால் அந்தப் பக்கத்தை எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாக வாசிக்க வேண்டும். வாசித்தவர்கள் மறக்கவில்லை. காய்கறிக் கடையில் கத்தரிக்காயைப் பொறுக்கிக்கொண்டே, 'கூழைக்கடா பதினாலு, நாரை நாற்பது, எப்சிபாவுக்குக் காய்ச்சல் தணிந்தது' என்று யாராவது முணுமுணுப்பது ஊரில் சகஜமாயிற்று. 'இன்று கிருபை என்னோடு பேசவில்லை. காரணம் உண்டு' என்ற பக்கத்தை வாசித்த தபால்காரர், அவளைப் பார்க்கும்போதெல்லாம் என்ன காரணம் என்று கேட்கத் துடித்துக் கேட்காமல் போனார்.

நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் லேப் டெக்னீஷியனாக இருந்த எப்சிபாவுக்கு இது மார்ச் மாதம்தான் முழுசாகத் தெரியவந்தது. அதுவரை அம்மா போனில், 'மழ பெய்யுது, நல்லாருக்கேன்' என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். லீவு போட்டு வந்தவள் நோட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். நானூறு பக்கத்துக்கு மேல் வெள்ளையாகிக் கிடந்தது. எண்பத்தேழாம் வருஷத்து நோட்டில், அவள் பிறந்த வருஷத்தில், மூன்றே மூன்று பக்கம் மிச்சமிருந்தது.

"என் பல்லு எங்கம்மா? நான் நடந்தது எங்க?"

"பேப்பர்லதான் இல்ல. நான் சொல்லுதேன், கேளு..."

"நீங்க சொல்ல வேண்டாம். அப்பா எழுதினது வேணும்." எப்சிபா நோட்டை மூடினாள். "மீட்டர் கார்டுல போட்ட கையெழுத்தெல்லாம் கம்ப்யூட்டர் வந்த பொறவு குப்பைக்குப் போச்சு. அவிய கையெழுத்து இந்த உலகத்துல இது ஒண்ணுதான் இருக்கு. அத எடுத்து ஊருக்குத் தெளிச்சு விட்டுட்டீங்க. ஊருக்கு மழ வேணும்னா வானத்தக் கேக்கட்டும்."

"ரெண்டு வருஷமாக் கேட்டாச்சு மக்களே."

எப்சிபா மிச்ச நோட்டுகளை அடுக்கிப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். கிருபை தடுக்கவில்லை. வெளியே குடத்தோடு நின்றவர்கள் சத்தம் கேட்டுக் கலைந்து போனார்கள்.

அந்தச் சமயத்தில் உடையார் குளம் செத்துக்கொண்டிருந்தது. மார்கழியில் எங்கிருந்தோ கொஞ்சம் தண்ணீர் வந்து, அதை நம்பி நாரைகளும் கூழைக்கடாக்களும் கருவேலமரங்களில் கூடு கட்டி, முட்டையிட்டு, குஞ்சும் பொரித்துவிட்டன. இப்போது தண்ணீர் மடைக்குக் கீழே போய், நடுக்குளத்தில் ஒரு களம் அளவுக்குச் சகதியாக மட்டும் கிடந்தது. தாய்ப்பறவைகள் மீனுக்கு எங்கெங்கோ போய், நேரம் கழித்துத் திரும்பி, சில திரும்பாமலும் இருந்தன. கிருபை அதற்கு முந்தின வாரங்களில் இருக்கிற பக்கங்களில் பெரிய மழையாகத் தேடி, எண்பத்தெட்டு மில்லி மீட்டர் ஒன்றைக் குளத்தங்கரையில் விரித்துப் பார்த்திருந்தாள். கரையில் விரித்தால் குளத்தின் எல்லை முழுக்கப் பெய்தது. ஆனால் வெடித்துக் கிடந்த தரை அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டது.

மறுநாள் காலையில் எப்சிபா குளத்துப் பக்கம் தனியாகப் போய்விட்டு வந்தாள். வரும்போது துப்பட்டாவுக்குள் எதையோ பொதிந்து நெஞ்சோடு பிடித்திருந்தாள். நத்தைகுத்தி நாரையின் குஞ்சு, கண் செருகி, வாயைப் பிளந்தபடி கிடந்தது. அவள் சாவியை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

"இதுக்கு மீன் வேணும்மா" என்றாள். "அங்க கீழ நெறையக் கெடக்கு. ஒண்ணத்தான் எடுக்க முடிஞ்சது."

கிருபை குஞ்சை வாங்கி மடியில் வைத்துத் துணியால் மூடினாள். மகளின் கால் முட்டி வரைக்கும் சகதி அப்பியிருந்தது. முப்புடாதியைக் கூப்பிட்டு மீனுக்குச் சொல்லிவிட்டு, "கொளம் நெறையுற மாதிரி மழ ஒண்ணு இருக்கு" என்றாள், யாரையும் பார்த்துச் சொல்லாதவளைப் போல.

சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற முப்புடாதிக்கு அது எந்த மழை என்று உடனே விளங்கிற்று. "மைனி," என்றாள் தயங்கி, "அந்த நோட்ட மட்டும் யாரும் கேக்கப்படாதுன்னு நாங்க ஊருக்குள்ள பேசி வச்சிருக்கோம். நீங்க அதத் தொட வேண்டாம்."

ஊர் அதை உடைப்பு மழை என்று சொல்லும். இருபத்தாறு வருஷத்துக்கு முந்தின கார்த்திகையில், ஒரே நாளில் முந்நூற்றுப் பதினொரு மில்லி மீட்டர் பெய்து, குளத்தங்கரை நாலு இடத்தில் உடைந்து, ரோடு அறுந்து, கல்லாம்பொத்தை மூன்று நாள் தீவாகக் கிடந்தது. அந்தத் தீவில், முதல் நாள் பொழுது சாய, கிருபைக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டு ஒரு பையன் பிறந்தான். முப்புடாதியின் மாமியார்தான் பிரசவம் பார்த்தாள். ஆஸ்பத்திரிக்குப் போக வழியில்லை. கிருபைக்குக் காய்ச்சல் நெருப்பாக அடித்தது. அவளுக்கு மறுநாள் காலையைப் பற்றி ஞாபகம் இருப்பது ஒன்றே ஒன்றுதான். கண் விழித்தபோது கடிகாரத்தில் எட்டரை. கதவு வழியாக யோபுவின் முதுகு தெரிந்தது. குடையைப் பிடித்துக்கொண்டு அவர் மழையை அளக்கப் போய்க்கொண்டிருந்தார். மறுபடி அவள் விழித்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. 'போயிட்டான்' என்று யோபு சொன்னார்.

பிள்ளை சாகிற நேரத்தில் மழையை அளக்கப் போனீங்களே என்று அவள் அவரிடம் ஒருநாளும் கேட்கவில்லை. அவரும் அந்தக் காலையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அதற்குப் பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் பனங்கொட்டைச் சாக்கு வந்தது. அவள் கொட்டை போட்டாள். அவருக்குச் சோறு போட்டாள். அவர் கொண்டுவந்த குஞ்சுகளுக்கு மீன் போட்டாள். அவரோடு சிரித்தாள், சண்டை போட்டாள், கடைசியில் அவருக்கு வாயில் தண்ணீரும் விட்டாள். ஆனால் அந்த முதுகை மன்னிக்கவில்லை. அந்த வருஷத்து நோட்டை மட்டும் வெயிலில் காயவைக்கக்கூட அவள் எடுத்ததில்லை.

இப்போது பீரோவைத் திறந்து அதை எடுத்தாள். தேடிப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. அந்தப் பக்கம் பலமுறை புரட்டின பக்கம் போல, நோட்டைத் தொட்டதுமே தானாக விரிந்தது. கிருபை நின்றுகொண்டு வாசித்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வாசித்தாள். பிறகு எப்சிபாவைப் பார்த்து நோட்டை நீட்டினாள். அவள் வாசித்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நாரைக்குஞ்சு அலகைத் தட்டிக்கொண்டிருந்தது.

"இத விரிக்க வேண்டாம்மா" என்றாள் எப்சிபா. "இது நமக்கு இருக்கட்டும்."

"இருபத்தாறு வருஷம் பூட்டித்தான கெடந்துச்சு" என்றாள் கிருபை. "உங்கப்பாவும் பூட்டி வச்சிருந்தாவ, நானும் பூட்டி வச்சிருந்தேன். போதும். முகத்தக் கழுவிட்டு வா."

அவர்கள் குளத்துக்குப் போகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு முன்னால் போய்விட்டது. காஜா மைதீன் கடையைச் சாத்திவிட்டு வந்தார். சுடலை மண்வெட்டியோடும், இன்னும் ஐம்பது அறுபது பேர் மணல்மூட்டைகளோடும் வந்தார்கள். மடைக்காரர் சொரிமுத்து, உடைப்பு மழையில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று ஆடுகளை இழுத்துக் கரையேற்றினவர், கிருபை கையிலிருந்த நோட்டைப் பார்த்ததும் முகம் வெளிறினார்.

"தங்கச்சி, இது கரைய ஒடச்ச மழ. மறுபடி ஒடச்சிட்டா என்ன செய்ய?"

"அன்னைக்கு இந்தக் கரையில ஒரு புல்லு கெடையாது அண்ணாச்சி. இன்னைக்குப் பாருங்க."

சொரிமுத்து திரும்பிப் பார்த்தார். தினமும் பார்க்கிறதுதான், ஆனாலும் அன்றைக்குத்தான் பார்க்கிறவரைப் போலப் பார்த்தார். வடக்குமுனையிலிருந்து தெற்கு மடை வரைக்கும் கரையின் இரண்டு பக்கமும் பனை, பனைக்குப் பின்னால் பனை, முதல் வருஷத்துக் கொட்டைகள் ஒரு மாடி உயரத்துக்கு நெட்டையாகவும், போன வருஷத்துக் கொட்டைகள் விசிறி மாதிரி இரண்டு ஓலையோடும், ஒன்றின் வேரோடு ஒன்றின் வேர் கோத்துக்கொண்டு நின்றன. "சரி," என்றார். "நாங்களும் நிக்கோம். வாசிங்க."

வழக்கம் வழக்கம்தான். கிருபை கரைமேல் ஏறி நின்று, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசித்தாள்.

"முந்நூத்திப் பதினொண்ணு மில்லி மீட்டர். குவளை பதினைந்து முறை நிரம்பி, பதினாறாவதில் பதினொன்று. ஒற்றைக் கையால் அளந்ததால் ஒன்றிரண்டு கூடக் குறைய இருக்கலாம். நேற்று மாலை பையன் பிறந்தான். எடை பார்க்க மனம் வரவில்லை. கிருபைக்குக் காய்ச்சல், தூங்குகிறாள். இவனுக்கு மூச்சு வரவர இளைக்கிறது. எட்டரைக்கு இவனையும் சட்டைக்குள் வைத்துக் குடை பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். உலகத்தில் எதையாவது பார்த்துவிட்டுப் போகட்டும் என்று. மழை, என்று சொன்னேன். கண் திறந்து பார்த்தான். கிருபையிடம் இதை எப்படிச் சொல்வேன். பெயர் சாமுவேல்."

முதுகு மட்டும் தெரிந்ததால், அவர் நெஞ்சில் இருந்தவன் அவளுக்குத் தெரியாமல் போனான். கிருபை நோட்டைக் கரைமேல் விரித்து வைத்தாள். எப்சிபா குனிந்து ஒரு கல்லை அதன்மேல் வைத்தாள்.

வந்தது. முதலில் பொத்தைக் குன்றுக்குப் பின்னாலிருந்து ஓர் இரைச்சல், ஆயிரம் மாடு ஓடிவருகிறதைப் போல. பிறகு குளத்தின் அந்தக் கரை தெரியவில்லை. பிறகு பக்கத்தில் நின்றவன் முகம் தெரியவில்லை. பழைய மழை ஒரு நாள் பெய்ததை அரை நாளில் பெய்து முடிக்க வந்ததைப் போலப் பெய்தது. நடுக்குளத்துச் சகதி கரைந்து, வெடிப்புகள் குடித்துக் குடித்து வாய் மூடி, குளம் தரையிலிருந்து எழுந்தது. உச்சிவேளைக்கு மடை முங்கியது. கருவேலமரங்களில் நாரைகள் இறக்கையை விரித்துக் குஞ்சுகளை மூடிக்கொண்டு நின்றன. மனிதர்கள் கரையில் வரிசையாக நின்று, பழைய உடைப்பு விழுந்த நாலு இடத்தையும் காலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மண் கரைந்தது, வேர்கள் வெளியே தெரிந்தன, கொத்துக் கொத்தாக, சிவப்பாக, அதற்குமேல் கரையவில்லை. ஒரு மணல்மூட்டைகூட எடுத்து வைக்க வேண்டியிருக்கவில்லை.

கிருபை கரைமேல் உட்கார்ந்திருந்தாள். முப்புடாதி ஓர் ஓலையை ஒடித்துவந்து அவள் தலைக்குப் பிடித்தாள்; கிருபை வேண்டாம் என்று விலக்கினாள். எப்சிபா அவள் காதோடு குனிந்து, மழைச் சத்தத்துக்கு மேலாக, அந்தப் பக்கத்தை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒப்பித்தாள். ஒரு வார்த்தை விடவில்லை. கிருபை தலையசைத்தாள். தானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

சாயங்காலம் குளம் நிறைந்தது. மறுகாலில் தண்ணீர் வழிய ஒரு சாண் இருக்கும்போது சொரிமுத்து கரையை முழுக்க ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு வந்தார். தலைத்துண்டைப் பிழிந்துகொண்டே அவளுக்குப் பக்கத்தில் குந்தினார். அப்புறம் கேட்டார்:

"தங்கச்சி, பையன் இருந்தா இப்ப எத்தன வயசு?"

"இருபத்தாறு."

சொரிமுத்து முகத்தைத் தூக்கி, கண்ணைச் சுருக்கி, மேலே மழையைப் பார்த்தார்.

"அதான்," என்றார். "எளவட்டம் பெய்யுத மாதிரியில்லா பெய்யுதான்."